ஒரு சகனுக்கு எத்தனை பேர்

அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு என்று யாராவது என் முன்னால் வந்து சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். எந்தக் காலத்தில்? நான் இருந்த காலத்தில் இல்லை. அரசாங்கப் பங்கீட்டுக் கூப்பன் அரிசி ஒரு கொத்து இருபத்தைந்து சதத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் எழுபது சதத்துக்குப் போன வருஷத்தில் நான் சாய்ந்தமருதுக் கடைத்தெருவில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். மலிவாம் மலிவு! அரிசி ஏறிய மறு வாரமே தேத்தண்ணி ஏறியது. அரிசிக்கும் தேத்தண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், தேத்தண்ணி ஊத்துறவன் சோறு தின்ன வேணாமா என்றார்கள். அதற்கடுத்த வாரம் நூல் ஏறியது, பொத்தான் ஏறியது, ஊசி ஏறியது. ஊசி சோறு தின்னுமா? நான் கேட்டேன். கடைக்காரன் ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டான்.

நான் மட்டும் பெரிய யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. தையல் கூலியைக் கூட்ட எனக்கும் வாய் வரவில்லை. அதனால் ஆறு பொத்தான் வைக்க வேண்டிய சேட்டுக்கு ஐந்து வைத்தேன். பிறகு பொக்கட்டைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு மீன் வியாபாரி சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். பொக்கட்டுக்குள் இரண்டு விரல்தான் போனது.

"இதுக்குள்ள என்னத்தை வைக்கிற?" என்றான்.

"அரிசி விக்கிற விலைக்கு பொக்கட்டுக்குள்ள வைக்க ஒன்னட்ட என்ன இரிக்கி?" என்றேன். இரண்டு விரலையும் வெளியே எடுத்துவிட்டு, ஓம் என்று ஒத்துக்கொண்டு போய்விட்டான்.

என் கடைக்கு நேர் எதிரே ஒரு ஹோட்டல் இருந்தது. பேர்தான் ஹோட்டல். உள்ளே இரண்டு மேசை, நாலு வாங்கு, ஒரு கண்ணாடி அலுமாரி. அலுமாரிக்குள் வடையைவிட அதில் மொய்க்கிற இலையான் அதிகம். அதை நடத்தியவரை ஊரே முதலாளி என்றுதான் கூப்பிடும். மெலிந்த மனிதர். ஆனால் வாய் மட்டும் மெலியவில்லை. நான் காலையிலும் மத்தியானத்திலும் அங்கேதான் சாப்பிடுவேன். எங்கள் வீடு தெருவின் அடுத்த அந்தத்தில் இருந்தது. உம்மா மௌத்தாகி இரண்டு வருஷம். வாப்பா சமைத்தால் வாப்பா மட்டும்தான் தின்னலாம்.

முதலாளிக்கு ஒரு பிடிவாதம். விலையைக் கூட்டவே மாட்டார். "விலையைக் கூட்டினா சனம் கோவிக்கும். அளவைக் குறைச்சா சனத்துக்கு விளங்காது" என்று ஒளிவு மறைவில்லாமல் அந்தச் சனத்திடமே சொல்வார். சோற்றுக் கோப்பையை, அதாவது தட்டை, மாற்றினார். புதுக் கோப்பையின் நடு மேடாக இருந்தது. சோறு மலையாகத் தெரியும், இரண்டு வாய் அள்ளினால் தகரம் தட்டும். மீன் துண்டு எந்த அளவுக்கு மெலிந்தது என்றால், அதைத் தூக்கிப் பிடித்தால் எதிரே என் கடையில் தொங்கும் சேட்டின் கோடு தெரிந்தது. இது மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

பிட்டில் கை வைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிட்டு அவிக்கும் மூங்கில் குழலுக்குள் அடியில் ஒரு சிரட்டைத் துண்டைப் போட்டுவிட்டார் மனிதர். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. குழல் வெளியே அதே உயரம், பிட்டு மட்டும் நாளுக்கு நாள் கட்டை. ஒரு நாள் காலையில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, நான் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து என் பிட்டை அளந்தேன்.

"நேத்து ஏழங்குலம்! இண்டைக்கு ஆறே கால்! முக்கால் அங்குலம் எங்க போச்சு முதலாளி?"

முதலாளி அசையவில்லை. "தம்பி, பிட்டு ஆறினா சுருங்கும்."

"இது இன்னும் சூடா இரிக்கி!"

"அப்ப ஆறினா இன்னும் சுருங்கும். கெதியாத் தின்னுங்க."

கடையே சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. சாப்பிடாமல் எழும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் பசி. கெதியாத் தின்றேன்.

மறுநாள் முதலாளி நான் தைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பொத்தான் எண்ணச் சொன்னார். "எண்ணுங்க, எண்ணுங்க, சத்தமா எண்ணுங்க. அஞ்சா? ஆறாவது ஆறிப்போய் சுருங்கிட்டாக்கும்!" நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து இல்லாத ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்த ஹோட்டலில் ஒன்று மட்டும் குறையவே இல்லை. சம்பல். எல்லாமே சுருங்கிய கடையில் சம்பல் மட்டும் கை நிறைய, உறைப்பும் தேசிக்காய்ப் புளியும் சரியாக, தேங்காய்க்குக் கஞ்சத்தனம் பார்க்காமல் வரும். அது முதலாளியின் வீட்டிலிருந்து வருகிறது, மகள் இடிக்கிறாள் என்று அறிந்தேன். அந்த வீட்டில் கணக்குப் பார்க்காத ஆள் ஒன்று இருக்கிறது என்று எண்ணினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆளைக் காணுமுன்பே எனக்கு ஆசை வந்துவிட்டது. சம்பலைப் பார்த்து ஆசைப்பட்டவன் இந்தக் கரையில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பிறகு ஒரு தடவை, அவர்கள் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக் கொண்டுபோனபோது, கதவிடுக்கில் கண்டேன். சம்பல் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் பிட்டை அளப்பதை நிறுத்திவிட்டேன். முதலாளிக்கு விளங்கிவிட்டது. பள்ளிவாசல் மரைக்காரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். மரைக்கார் என்றால் பள்ளிக் காரியங்களைப் பார்ப்பவர், ஊரில் கலியாணமோ சண்டையோ அவர் இல்லாமல் முடியாது. அவர் வந்து வாப்பாவிடம் சொன்னார்: "பிட்டை அளந்து பாக்கிற மாப்பிள்ளதான் தனக்கு வேணுமாம். அப்பிடிப்பட்டவன் பொண்டாட்டி தின்னுறாளா இல்லையா எண்டும் பாப்பானாம்."

வாப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிடச் சந்தோஷம், ஆனால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். அதில் ஒரு பேச்சும் இல்லை. சின்ன வீடு, ஆனால் வீடு. மூன்று மாதத்தில் கலியாணம் என்று நாளும் வைத்தாகிவிட்டது. எல்லாம் சரி என்று நினைத்த இடத்தில் சாப்பாட்டுக் கதை வந்தது.

எங்கள் கலியாணங்களில் தனித்தனிக் கோப்பை கிடையாது. பாயில் பெரிய வட்டத் தட்டு ஒன்றை வைத்து, அதில் சோற்றைக் குவித்து, இறைச்சியும் கறியும் வைத்து, சுற்றிவர இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதுதான் சகன். ஒரு சகனுக்கு ஆறு பேர். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வாப்பாவின் வாப்பா காலத்திலும் ஆறு, எங்கள் காலத்திலும் ஆறு. பகல் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை சகன் என்றுதான் கேட்பார்கள்.

"எங்கட ஆக்கள் நாப்பது சகன்" என்றார் வாப்பா.

முதலாளி, இனி மாமா என்றே சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தார். "முப்பது சகன் தாறன். ஆனா உங்கட ஆக்கள்ல ஒருத்தரும் குறைய மாட்டாங்க."

"அதெப்பிடி?"

"சகனுக்கு எட்டுப் பேர் இரிக்கட்டும்."

வாப்பா எழும்பிவிட்டார். "எட்டுப் பேர் சுத்தி இரிக்க அது சகனா, கிணத்துக்கட்டா?"

"காக்கா, அரிசி விலை தெரியும்தானே" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார் மாமா.

"அரிசி ஏறினா மனிசன்ட குண்டி சுருங்குமா?" என்றார் வாப்பா. மரைக்கார், அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ் என்றார்.

வாப்பாவுக்குக் கரைவாகுப் பக்கம் இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. அந்த இரண்டு ஏக்கரை வைத்துக்கொண்டு அவர் பேசுகிற பேச்சில் இருநூறு ஏக்கர் நிற்கும். ஆறு பேர் இல்லையென்றால் இந்தக் கலியாணமே வேண்டாம் என்று தெருவுக்குக் கேட்கக் கத்திவிட்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து நான் ஒரு சண்டை பிடித்தேன். என் வாழ்க்கையை ஒரு தட்டில் வைத்து எட்டால் பிரிக்கிறார் அவர், ஆறால் பிரிக்கிறார் இவர், எனக்கு என்ன மிச்சம்? மூன்று நாள் நான் ஹோட்டலுக்கும் போகவில்லை. வாப்பாவின் சமையலைத் தின்றேன். அதுவே பெரிய தண்டனை.

நாலாம் நாள் மரைக்கார் ஒரு தீர்ப்புக் கொண்டுவந்தார். ஆறும் வேண்டாம், எட்டும் வேண்டாம், ஏழு. முப்பத்தைந்து சகன். ஆனால் ஏழு பேர் மரியாதையாக இருந்து சாப்பிட ஏலுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார் வாப்பா. சரி, பார்த்துவிடுவோம் என்றார் மாமா. இப்படியாகத்தானே, ஒரு பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, ஊரிலுள்ள பெரிய மனிதர்கள் மாமா வீட்டு முற்றத்தில் ஒரு வெறும் சகனைச் சுற்றி இருந்து பார்த்தார்கள். அளப்பதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையே தன் கலியாணத்துக்கு நாடா பிடித்த கதை வேறு எங்காவது நடந்திருக்கிறதா?

சம்மணம் போட்டு இருந்தால் ஆறு பேரோடு வட்டம் மூடிவிட்டது. ஏழாவது ஆள் வெளியே நின்று எட்டிப் பார்த்தார். வாப்பாவின் முகம் மலர்ந்தது. உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது.

"எல்லாரும் இடது காலை மடிச்சு, வலது முழங்காலை நட்டுவெச்சு இரிங்க பாப்பம்."

இருந்தார்கள். இடம் வந்தது. அப்படி இருப்பதுதான் சாப்பாட்டுக்கு மரியாதையும்கூட என்று மரைக்கார் சொல்லிவிட்டார். ஏழாவது ஆளாக என் பெரியவாப்பாவை இருத்தினோம். அங்கேதான் வினை. பெரியவாப்பா என்பவர் வாப்பாவின் காக்கா. எங்கள் குடும்பத்தின் சதை முழுவதையும் அவர் ஒருத்தரே எடுத்துக்கொண்டார். அவர் முழங்காலை நட்டுவைத்தார். முழங்கால் நின்றது, மனிதர் நிற்கவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, பக்கத்திலிருந்தவரையும் சாய்த்து, அவர் அடுத்தவரைச் சாய்த்து, வட்டமே ஒரு சுற்று சாய்ந்து கடைசியில் மரைக்காரின் தொப்பி சகனுக்குள் விழுந்தது.

"இவரை ரெண்டு பேரா எண்ணுவம்" என்றார் மாமா, கீழே கிடந்தபடியே.

"ஆரை ரெண்டு பேர் எண்டா?" பெரியவாப்பா எழும்பப் பார்த்தார், முடியவில்லை, கோபத்தை இருந்த இடத்திலேயே காட்டினார்.

"அளந்து பாருடா!" என்றார் வாப்பா என்னிடம்.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். நான் பெரியவாப்பாவின் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டேன். போடும்போது பெருவிரலுக்குப் பின்னால் எட்டங்குலத்தை மடித்துப் பிடித்துக்கொண்டேன். தையல்காரன் கைக்கு அது பெரிய வித்தை இல்லை. "ஒரு ஆள்தான்! கொஞ்சம் சதைப்பிடிப்பு, அவ்வளவுதான்!" என்று கூவினேன். பெரியவாப்பா ரொம்ப சந்தோஷப்பட்டார். அன்றிலிருந்து அவர் மெலிந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஏழு பேர் என்று முடிவானது.

திரும்பி வரும்போது அவர்கள் குசினிக்குப் பின்னால் மரவள்ளிக் கிழங்குத் தோல் ஒரு குவியலாகக் கிடந்ததைக் கண்டேன். ஆடு வளர்க்கிறார்கள் போல என்று நினைத்தேன். ஆட்டைக் காணவில்லை. எனக்கு அப்போது ஆட்டைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

கலியாண நாள் வந்தது. இடையில் வாப்பாவுக்கு ஒரு புது வியாதி பிடித்திருந்தது. சகன் சண்டை ஊர் முழுக்கப் பரவி, பாண்டிருப்புச் சந்தைக்குப் போனாலும், "ஆறு பேருக்கு மேல சேக்க மாட்டீங்களாமே" என்று பகிடி பண்ணினார்களாம். சோற்றுக்கு அலைகிற குடும்பம் என்று பேர் வந்துவிடுமோ என்று மனிதருக்கு உறக்கமில்லை. என்ன செய்தார் தெரியுமா? எனக்குச் சொல்லாமல், எங்கள் ஆட்கள் எல்லோருடைய வீட்டுக்கும் போய், "வீட்டுல வயிறு முட்டத் தின்னுட்டு வாங்க. அங்க போய்ச் சும்மா கை நனைச்சாப் போதும். நாம சோத்துக்குப் போகல்ல எண்டு அந்த மனிசனுக்கு விளங்கோணும்" என்று சொல்லிவிட்டார். கலியாணத்துக்குக் கூப்பிட்டு, சாப்பிடாதே என்று சொன்ன ஒரே மாப்பிள்ளை வீடு நாங்கள்தான்.

எங்கள் ஆட்களும் சொன்ன சொல் தட்டாதவர்கள். பத்து மணிக்கே வீட்டில் தின்றுவிட்டார்கள். பெரியவாப்பா இடியப்பம் முப்பது தின்றதாகப் பிறகு ஒத்துக்கொண்டார். நான்தான் ஒன்றும் தின்னவில்லை. முதல் நாளிலிருந்தே பயத்தில் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

நாங்கள் பைத் பாட்டுப் படித்துக்கொண்டு ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தோம். போனால் நிக்காஹ் நடத்த வேண்டிய லெப்பையைக் காணோம். அக்கரைப்பற்றில் வேறொரு கலியாணத்துக்குப் போனவர், பஸ் நின்றுபோய் வழியில் நிற்கிறார் என்று செய்தி வந்தது. சரி, சாப்பாடு முதலில், நிக்காஹ் பிறகு என்றார் மரைக்கார். பந்தலில் பாய் விரித்து ஏழு ஏழு பேராக, முழங்காலை நட்டுவைத்து எல்லோரும் இருந்தார்கள்.

சகன் வந்தது. யா அல்லாஹ்! நான் இன்றுவரை அப்படி ஒரு சோற்றைக் கண்டதில்லை. முப்பத்தைந்து சகன்தான், பேச்சு மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு சகனிலும் பத்துப் பேருக்கான சோறு. ஒரு பக்கம் இருந்தவருக்கு எதிர்ப் பக்கம் இருந்தவரின் தொப்பி மட்டும்தான் தெரிந்தது. மேலே மாட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய், ஒரு ஓரத்தில் கை நிறைய அந்தச் சம்பல். பிட்டுக் குழலுக்குள் சிரட்டை போட்ட அதே மனிதர், தோளில் துவாயோடு ஒவ்வொரு சகனாக ஓடி ஓடி, "வைங்க, இன்னும் வைங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் சோற்றைப் பார்த்தார்கள். சோறும் அவர்களைப் பார்த்தது. ஒவ்வொருவரும் நாலு பருக்கையை எடுத்து வாயில் வைத்து, அரை மணி நேரம் மெல்லப் போகிறவர்கள் போல மென்றார்கள். யாரும் எழும்பவும் ஏலாது. சகனில் சோற்றை மிச்சம் வைப்பது பரக்கத்துக்கு, அல்லாஹ்வின் அருளுக்கு, கேடு, வீட்டுக்காரனுக்கு அவமானம். வழித்துத் துடைத்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். ஆக, தின்னவும் ஏலாது, எழும்பவும் ஏலாது. இருநூற்றுச் சொச்சம் ஆண்கள் முழங்காலை நட்டுவைத்துக்கொண்டு கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி இருந்தார்கள். இறைச்சித் துண்டை ஒருவர் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ள, அவர் அடுத்தவர் பக்கம் தள்ள, துண்டு சகனை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தது.

மாமாவின் முகம் மாறத் தொடங்கியதை நான் கண்டேன். துவாயைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"என்ன காக்கா, ஒருத்தரும் தின்னுறாங்க இல்ல?"

"நாங்க சோத்துக்கு வந்த ஆக்கள் இல்ல" என்றார் வாப்பா, தலையை உயர்த்தி.

அந்தச் சொல் பந்தலின் கடைசி வரைக்கும் கேட்டது. மாமா கையிலிருந்த துவாயை இறுக்கி முறுக்கினார். "ஏழு பேர் எண்டு சொன்ன கோவம் இன்னும் போகல்ல என்ன? என்ட சோத்தைத் தொட மாட்டீங்க. சரி. என்ட சோறு வேணாமெண்டா என்ட மகளும் வேணாம். லெப்பை வந்தா திரும்பிப் போகச் சொல்லுங்க."

பெண்கள் பக்கத்தில் திரைக்குப் பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. மாப்பிள்ளை என்றால் தலையைக் குனிந்து, தலையில் உருமாலைக் கட்டிக்கொண்டு, பொம்மை மாதிரி இருக்க வேண்டும். நான் உருமாலைக் கழற்றிப் பாயில் அடித்தேன்.

"மாமா! கோவமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! எல்லாரும் வீட்டுல தின்னுட்டு வந்திரிக்காங்க! வயித்துல இடமில்ல, அவ்வளவுதான்!"

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கோப்பைக்கு வெளியே நாலு பருக்கை சிந்தினாலும் பொறுக்கித் தின்கிற எங்கள் ஆட்கள் இறைச்சியை வேண்டாம் என்கிறார்கள் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்? மாமா நம்பவில்லை. "பொய். என்னைச் சமாளிக்கிற" என்றார். வாப்பா பந்தல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பெரியவாப்பா ஏப்பம் விட்டார்.

ஏப்பமா அது! முப்பது இடியப்பமும் பால் ஆணமும் சேர்ந்து, முழங்காலை நட்டுவைத்ததில் நசிந்து, அரை மணி நேரமாக அடக்கி வைத்திருந்த ஏப்பம். பந்தல் காலில் கட்டியிருந்த குருத்தோலை ஆடியது என்று பிறகு சொன்னார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வெட்கத்தோடு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மரைக்கார் எழும்பி நின்றார். "நாலு பருக்கை திண்டதுக்கு இப்பிடி ஏப்பம் வந்தா, அது வேற வீட்டுச் சோத்து ஏப்பம்தான். மாப்பிள்ள சொல்றது உண்மை" என்று தீர்ப்புச் சொன்னார்.

முதலில் சிரித்தது மாமாதான். சிரித்தார், சிரித்துக்கொண்டே துவாயால் கண்ணைத் துடைத்தார். பிறகு பந்தலே சிரித்தது. வாப்பா மெதுவாக எழும்பிப் போய் மாமாவின் கையைப் பிடித்து, "என்ட பிழைதான். விசர் வேலை பாத்திட்டன்" என்றார். என் ஆயுளில் வாப்பா பிழையை ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பிறகு தெருவில் போனவர், கரைவலைக்காரர், நின்றுபோன பஸ்ஸிலிருந்து நடந்து வந்தவர்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டு இருத்தினோம். லெப்பையும் அவர்களோடுதான் வந்தார். ஒரு சகனில் ஒன்பது பேர்கூட இருந்தார்கள், ஒருத்தரும் நாடா பிடிக்கவில்லை. சகன்கள் துடைத்த மாதிரி காலியாயின. நிக்காஹும் முடிந்தது.

வெயில் சாய்கிற நேரத்தில் என்னை உள்ளே கூட்டிப்போய் விட்டார்கள். புது அறை, புதுச் சுண்ணாம்பு வாசம், நான் தைத்த திரைச்சீலை. எங்கள் இரண்டு பேருக்குமென்று ஒரு சகன் தனியாக வைத்திருந்தார்கள். அவள் எதிரே இருந்தாள். முகத்தை மூடியிருந்த சேலையை விலக்கினாள். என்னை ஒரு தடவை பார்த்தாள், சோற்றை ஒரு தடவை பார்த்தாள். சோற்றைத்தான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"நான் தின்னட்டா?" என்று கேட்டாள்.

தின்னுங்க என்றேன். தின்றாள். ஒரு புதுப்பெண் அப்படித் தின்று நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. பெரிய பெரிய கவளமாக, கண்ணை மூடி, வெறும் சோற்றையே முதலில் தின்றாள், கறியைத் தொடாமல். எனக்குப் பகிடியாக இருந்தது.

"வாப்பாட ஹோட்டல்ல சோறு, வீட்டுல சோறு, இன்னும் இவ்வளவு பசியா?" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, ஒரு செய்தி சொல்வது மாதிரிச் சொன்னாள். "நாங்க சோறு திண்டு மூணு மாசம். ஹோட்டல் சோறு விக்கிறதுக்கு. வீட்டுக் கூப்பன் அரிசி வாராவாரம் மூடைக்குள்ள போகும், கலியாணத்துக்கு. எங்களுக்குக் கிழங்கும் சம்பலும்தான். ஏழு பேர் எண்டு முடிவான பொறகும் வாப்பா விடல்ல. பேச்சுக்கு ஏழு இரிக்கட்டும், ஒருத்தன் பசியோட எழும்பினா என்ட மானம் என்னாகிறது எண்டாரு." பிறகு இன்னொரு கவளத்தை எடுத்துக்கொண்டு, "சோறு எண்டா இப்பிடித்தான் இரிக்கும் என்ன? மறந்தே போச்சு" என்று சிரித்தாள்.

குசினிக்குப் பின்னால் கிடந்த தோல் குவியல் என் கண் முன்னால் வந்தது. ஆடாம் ஆடு! ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வெறும் சகனைச் சுற்றிச் சாய்ந்து விழுந்தபோது இவள் குசினிக்குள் கிழங்கு உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அங்குலக் கணக்கில் பிட்டை அளந்த எனக்கு அது தெரியவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

"நீங்க தின்னல்லையா?" என்றாள்.

"இல்ல. நானும் வீட்டுல தின்னுட்டுத்தான் வந்தன்" என்றேன். முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்தவன் சொன்ன பொய்.

சொல்லி வாய் மூடவில்லை, என் வயிறு கத்தியது. கொஞ்ச நஞ்சமாக இல்லை, பெரியவாப்பாவின் ஏப்பத்துக்குப் பதில் சொல்வது மாதிரி, இழுத்து, ராகமாக. அவள் கை சகனில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு விரலால் சோற்றின் நடுவே ஒரு கோடு கிழித்து, இறைச்சியையும் சம்பலையும் பிரித்து வைத்து, என் பக்கத்தை என்னிடம் தள்ளினாள்.

நான் தையல்காரன். நாடா இல்லாமலே எனக்கு அளவு தெரியும். என் பக்கம்தான் கூடுதலாக இருந்தது.